தோளுக்கேற்ற துப்பாக்கி

ஷாட்கன் எனப்படும் ரவைத் துப்பாக்கியின் தோட்டாவுக்குள் பொதுவாக நூற்றுக்கணக்கான சிறு ரவைகள் இருக்கும். சுட்டதும் அவை கொத்தாகப் புறப்பட்டு, போகப் போக விரியும். பறக்கும் புறாவையும் ஓடும் முயலையும் அடிக்க இதுவே வசதி. அமெரிக்காவின் நாட்டுப்புறங்களில் வேட்டை பழகும் பிள்ளைகள் பலருடைய கைக்கு முதலில் வருவதும் இதுதான். பதின்ம வயது மகளுக்கு ஒன்று வாங்கப் போகும் பெற்றோர் கடையில் முதலில் கேட்பது 'எந்த கேஜ்?' என்று. அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டியது தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையின் நீளம்.

விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள தூரம், வளர்ந்த ஆண்களுக்கென்று செய்யப்படும் துப்பாக்கிகளில் 14 அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேல். இளையோருக்கான வகைகளில் 12 முதல் 13 அங்குலம். கட்டை நீளமாக இருந்தால் அதைத் தூக்கிப் பிடிக்கவே சிறுமி பின்னால் சாய வேண்டியிருக்கும். கட்டை தோள்குழியில் அமராமல் புயத்துக்கு நழுவும். சுட்ட அடி அங்கே விழுந்து கன்றிப்போகும். குறியும் தவறும். ரவைத் துப்பாக்கியில் வழக்கமாகப் பின்குறி கிடையாது, சுடுபவரின் கண்ணே பின்குறி. கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையின் ஒரே இடத்தில் படிந்தால்தான் கண் குழலுக்கு நேராக வரும். கழுத்து நீண்டவர்களுக்குக் கட்டையின் மேல்விளிம்பு சற்று உயர்ந்திருக்க வேண்டும். பெண்களில் பலருக்கு இது பொருந்தும். வளரும் பிள்ளை என்பதால், பின்முனையில் இடைத்தகடுகளைச் செருகி நீட்டிக்கொள்ளக்கூடிய கட்டை நல்லது. எந்தக் கண் ஆதிக்கக் கண் என்பதையும் வாங்குமுன் சோதிக்க வேண்டும். வலக்கைக்காரியான சிறுமிக்கு இடக்கண் ஓங்கியிருந்தால், இடத்தோளில் சுடப் பழகுவது பிற்பாடு மாறுவதைவிட எளிது.

இனி கேஜ். குழலின் உள்விட்டத்துக்குச் சரியாக அமையும் ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு நிறுக்குமோ, அந்த எண்ணிக்கையே கேஜ். ஆகவே எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 12 கேஜ் குழலின் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் 15.6. இந்தியாவில் '12 போர்' என்று சொல்லப்படுவதும் இந்த 12 கேஜ்தான். 410 என்பது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குலத்தில் சொல்லப்படும் விட்டம், 0.410.

சின்னப் பிள்ளைக்குச் சின்னத் துப்பாக்கி என்று 410-ஐ வாங்கித் தரும் அப்பாக்கள் உண்டு. உதைப்பு குறைவு, உண்மைதான். ஆனால் அதன் வழக்கமான சிறு தோட்டாவில் இருப்பது 14 கிராம் ரவை. 20 கேஜில் சுமார் 25 கிராம். 'ஏழரை எண்' அளவு ரவையானால் அதில் ஏறத்தாழ 300 ரவைகள். ரவை குறைந்தால் கொத்து மெலிந்து இடைவெளி விழும், பறவை தப்பும், அல்லது காயத்தோடு பறந்துபோகும். அனுபவசாலிகளுக்கே சவாலான 410-ஐப் புதிதாகப் பழகுபவளிடம் கொடுத்தால் மிஞ்சுவது சலிப்பு. முதல் துப்பாக்கிக்கு 20 கேஜே பெரும்பாலும் சரியான தேர்வு.

எடையிலும் ஒரு பொறி இருக்கிறது. இலேசான துப்பாக்கியைத் தூக்கி நடப்பது சுகம், சுடுவது சுகமல்ல. ரவை முன்னே பாயும் உந்தமே துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. அதே தோட்டாவை எடை பாதியான துப்பாக்கியில் போட்டால் உதைப்பின் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒற்றைத் தோட்டாப் போட்டு மடக்கிச் சுடும் மலிவான துப்பாக்கி மிகவும் இலேசு. அதனாலேயே அதன் உதை கடுமை. பழைய வகைகளில் வெளியே நீட்டியிருக்கும் சுத்தியலைச் சின்னக் கட்டைவிரலால் இழுத்துப் பிடிப்பதும் ஆபத்து. வலிக்கும் என்று ஒருமுறை உடம்பு தெரிந்துகொண்டால், விசையை இழுக்குமுன்பே கண் மூடும், தோள் சுருங்கும். இந்தப் பழக்கம் வந்தபின் போக்குவது பெரும்பாடு.

ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 போன்ற பம்ப் வகைகளில் முன்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். உறுதியானவை, விலையும் அதிகமில்லை. ஆனால் அந்த முன்பிடி சிறுமியின் கைக்கு எட்ட வேண்டும். 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 போன்ற வாயு இயக்கத் துப்பாக்கிகள் வெடிவாயுவின் ஒரு பகுதியைக் கொண்டே தோட்டாவை மாற்றிக்கொள்கின்றன; உதைப்பு சற்று நீண்ட நேரத்துக்குப் பரவி மென்மையாகிறது. பணம் இருந்தால் இதுவே மேல், அடிக்கடி துடைத்துச் சுத்தம் செய்யும் பொறுமையும் இருந்தால். தொடக்கத்தில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போட்டுப் பழக்குவது எந்த வகைக்கும் பொருந்தும்.

குழல் முனையின் இறுக்கத்துக்குச் சோக் என்று பெயர். அதிகம் இறுக்காத 'இம்ப்ரூவ்டு சிலிண்டர்' புதியவருக்குப் போதும். கிட்டத்தில் கொத்து அகலமாக விரியும்.

வீட்டில் அப்பாவின் 12 கேஜும் மகளின் 20 கேஜும் சேர்ந்திருந்தால் தோட்டாக்கள் கலக்கவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் நழுவி நடுவே சிக்கும்; பின்னால் 12 கேஜ் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அமெரிக்காவில் 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். தாத்தாவின் பழைய துப்பாக்கியைக் கொடுப்பதானாலும் கவனம் தேவை. ஈய ரவையை விழுங்கி நீர்ப்பறவைகள் மடிந்ததால், 1991 முதல் அந்நாடு முழுவதும் வாத்து வேட்டைக்கு ஈயத்துக்குத் தடை. மாற்றாக வந்த எஃகு ரவை கடினமானது, இறுக்கமான பழைய குழல்களைக் கெடுத்துவிடும்.

உரிமம் பெற்ற கடைக்காரர் 18 வயது நிரம்பாதவருக்கு ரவைத் துப்பாக்கி விற்க அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருவதில்லை, வாங்குவது பெற்றோரே. எந்த வயதில், யார் துணையோடு வேட்டைக்குப் போகலாம், எந்தப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். துப்பாக்கியோடு காதடைப்பும் கண்ணாடியும் அன்றே வாங்கப்பட வேண்டும். பூட்டிய பெட்டியில் துப்பாக்கியும், வேறொரு பூட்டுக்குள் தோட்டாவும் இருக்க, இரண்டின் சாவியும் பெரியவர்களிடம் இருப்பதே முறை.