சந்திக்காமலே போன இரண்டு ரயில்கள்

மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள டாடா தேயிலை அருங்காட்சியகத்தில், பழைய தேயிலை எந்திரங்களோடு ஒரு ரயில் எஞ்சினின் சக்கரமும் இருக்கிறது. குண்டளை பள்ளத்தாக்கு ரயில்வேயின் மிச்சம் அது. அந்த ரயிலின் கதையில் பாதி, மலைக்கு இந்தப் பக்கம், போடிநாயக்கனூர்ச் சரிவில் நடந்தது. அந்தப் பாதிக்கும் ஒரு கூரை வேண்டும் என்பதே இங்கே சொல்ல வந்தது.

1902இல் மூணாறு மலையில் ஓடியது ஒற்றைத் தண்டவாள வண்டி. கனத்தில் பெரும்பகுதியைத் தண்டவாளத்தின் மேல் ஓடும் சிறு சக்கரங்கள் தாங்கும். வண்டி சாயாமலிருக்கப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வரும். இழுத்தவை மாடுகள். 1908இல் இரண்டடி அகலத் தண்டவாளமும் நீராவி எஞ்சினும் வந்தன. மலைப்பாதையின் கடைசி நிறுத்தமான டாப் ஸ்டேஷனில் இறக்கிய தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி.

1924 ஜூலை வெள்ளம் மலைப்பாதையைப் பிய்த்தெறிந்தது. மறுபடி யாரும் போடவில்லை. மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் ரயில் போடிக்கு வந்து சேர்ந்ததோ 1928இல்தான். ஒரே சரக்குக்காகக் காத்திருந்திருக்க வேண்டிய இரண்டு ரயில்கள், நாலு வருஷ இடைவெளியில் ஒன்றையொன்று பார்க்காமலே போயின.

கீழே வந்த ரயிலுக்கும் நிம்மதி இல்லை. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில் திரும்பப் போட்டார்கள். 2010 முடிவில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூனிலும்தான் ரயில் திரும்பியது. இந்த ஊரில் ரயிலையே பார்க்காமல் ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் முடித்திருக்கிறது. ஏலக்காய் ஏலத்துக்கு வரும் வியாபாரிக்கும், விடியுமுன் ஜீப்பில் மலையேறும் தோட்டத் தொழிலாளிக்கும் அந்த இடைவெளியின் கனம் தெரியும்.

பாட்டியாலாவிலும் குண்டளையில் முதலில் ஓடியதைப் போன்ற ஒற்றைத் தண்டவாள ரயில்தான் ஓடியது, 1927இல் நின்றது. 1962இல் அதன் மிச்சத்தைக் கண்டெடுத்தார்கள். அமிர்தசரஸ் பணிமனையில் சீராக்கிய எஞ்சின் இன்று தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. துருப்பிடித்துக் கிடந்ததற்கே அந்த மரியாதை கிடைத்ததென்றால், நம் சரிவில் மிஞ்சியதற்கும் கிடைக்கத்தான் வேண்டும்.

பெரிய கட்டடம் தேவையில்லை. போடி ஸ்டேஷனில் ஓர் அறை போதும். மீட்டர் கேஜ் காலத்துப் பெயர்ப்பலகை, அட்டை டிக்கெட், கைவிளக்கு, கொட்டகுடி ரோப்வேயின் படங்கள், டாப் ஸ்டேஷனில் மிஞ்சிய இரும்பு. அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டால் மழையும் பழைய இரும்புக் கடையும் பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் முன்னால், மீட்டர் கேஜில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கேங்மேன்களையும் கேட் கீப்பர்களையும் உட்காரவைத்து அவர்கள் பேச்சைப் பதிவுசெய்ய வேண்டும். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி எப்படி ஏறியது, மழைக்காலத்தில் பாதையை எப்படிக் காத்தார்கள் என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. அதை இந்த வருஷமே தொடங்கலாம்.