உங்களுக்குத் தெரியுமா? பிக்சல் படுத்தும் பாடு!

முச்சந்தியில் நிற்கிறதே, 40 அடிக்கு 20 அடி ஃபிளெக்ஸ் பேனர்! 100 அடி தள்ளி நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிய அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் வேண்டும்? வெறும் 3! பேனர் முழுவதற்கும் பெருக்கிப் பார்த்தால் 10,36,800. ஸ்டுடியோவில் கவரில் போட்டுத் தருகிறார்களே, 4-க்கு 6 அங்குல மேக்ஸி சைஸ் போட்டோ... அங்குலத்துக்கு 300 வீதம் அதற்கு 21,60,000! கட்டடத்தையே மறைக்கிற பேனரைவிட, சட்டைப்பையில் போகிற போட்டோவுக்கு இரண்டு மடங்குக்கும் மேல்! நம்பிக்கை வரவில்லையா? கால்குலேட்டரை எடுங்கள்.

பேனர் கடைக்காரர் அப்புறம் ஏன் பெரிய ஃபைலாகக் கேட்கிறார்? அடியிலேயே வந்து நின்று செல்ஃபி எடுக்கிறவர்களுக்காக!

கடை வாசலில் எழுத்து ஓடுகிற எல்.இ.டி. போர்டுக்குப் பி10 என்று பெயர். ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் 10 மில்லிமீட்டர் இடைவெளி. அங்குலத்துக்கு இரண்டரைப் புள்ளிதான்! தெருமுனையிலிருந்து படித்துவிடுகிறோமே!

எல்லாம் கண்ணின் கணக்கு. நல்ல பார்வை உள்ளவர்கூட ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கைவிடச் சிறியதைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஓர் அடி தூரத்தில் அது அங்குலத்துக்கு 286 புள்ளி. அச்சகத்தில் எல்லாரும் ஓதுகிற '300 டிபிஐ' மந்திரம் இதற்குப் பக்கத்து வீடுதான்! 2010-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் 4-ஐ உயர்த்திப் பிடித்தாரே, அதன் திரை 326!

சோபாவில் சாய்ந்து 10 அடி தள்ளி டிவி பார்க்கிறீர்களா? அங்கிருந்து உங்கள் கண்ணுக்கு எட்டுவது அங்குலத்துக்கு 29 பிக்சல்தான். 55 அங்குல ஃபுல் எச்டி டிவியிலேயே 40 இருக்கிறது! 4கே டிவியில் 80! அந்த மீதி 51 பிக்சலுக்குக் கொடுத்த காசு? அதை வீட்டில் யாரும் கேட்காமல் இருந்தால் சரி!

வார இதழின் வண்ணப் பக்கம் ஒன்றில் ஒரு நடிகையின் முகத்தைத் தேடுங்கள். மேலே பூதக்கண்ணாடியை வையுங்கள். முகம் மாயம்! நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. இந்த நாலு நிறப் புள்ளிகள் மட்டுமே! கன்னத்தின் அந்த ரோஜா நிறம் அங்கே எங்குமே கிடையாது! நாலு நிறமும் ஒரே திசையில் வரிசை கட்டினால் படத்தில் அலையலையாகக் கோடு விழும். அதனால் கறுப்பு 45 பாகை, நீலம் 15, மெஜந்தா 75 என்று ஆளுக்கொரு பக்கம் சாய்த்து நிறுத்துகிறார்கள். மஞ்சள் மட்டும் நிமிர்ந்து பூஜ்யத்தில்! கண்ணுக்கு மங்கலான நிறம் என்பதால் அதன் தப்பு வெளியே தெரியாது!

அந்தப் புள்ளிகள் நல்ல இதழில் அங்குலத்துக்கு 150 வரிசை. செய்தித்தாளில் 85 முதல் 100! வரிசைக்கு இரண்டு பிக்சல் என்பது அச்சகக் கணக்கு. ஆக, பேப்பரில் வரப்போகும் படத்துக்கு 200 போதும். 300 கொடுத்தாலும் செய்தித்தாள் சும்மா விழுங்கிவிடும்!

இன்னும் உள்ளே போங்கள். பிளேட் எடுக்கும் இயந்திரம் அங்குலத்துக்கு 2,400 பொட்டு வைக்கும். அதை 150-ஆல் வகுத்தால் 16. அதாவது கண்ணுக்கே தெரியாத ஓர் அச்சுப் புள்ளிக்குள் 16-க்கு 16, மொத்தம் 256 பொட்டுகள்! கறுப்பிலிருந்து வெள்ளைவரை அத்தனை சாயல்களும் பிறப்பது இங்கேதான்!

'சார், படம் 72-ல் இருக்கு. 300 ஆக்கி அனுப்புங்க!' இதைக் கேட்காத டிடிபி சென்டர் உண்டா? 3000-க்கு 2000 பிக்சல் படம் ஒன்றைத் திறந்து, 'ரீசாம்பிள்' பெட்டியில் டிக்கை எடுத்துவிட்டு, 72-ஐ அழித்து 300 என்று அடியுங்கள். ஒரு பிக்சல்கூடக் கூடாது, குறையாது! 72-ல் அச்சடித்தால் 41 அங்குலத்துக்கு மேல் அகலம் வரும். 300-ல் 10 அங்குலம். அவ்வளவுதான் சமாச்சாரம்! திரைக்கு இந்த எண் இருப்பதே தெரியாது!

அந்த 72 எங்கிருந்து குதித்தது? 1984-ல் வந்த முதல் மேக்கின்டாஷிலிருந்து! 9 அங்குலத் திரை. 512-க்கு 342 பிக்சல். எழுத்து அளக்கும் பாயிண்ட் அங்குலத்துக்கு 72 என்பதால், ஒரு பாயிண்டுக்கு ஒரு பிக்சல்! அந்த மேக் என்றைக்கோ விடைபெற்றது. எண் மட்டும் போகவே இல்லை!

12-க்கு 36 அங்குலக் கல்யாண ஆல்பத்தின் ஒரு விரிப்பை 300-ல் நிரப்ப எத்தனை பிக்சல்? 3,88,80,000! 24 மெகாபிக்சல் கேமரா அங்கே தோற்றுப்போகும். பதறாதீர்கள். ஆல்பத்தை மடியில் விரித்து இரண்டடி தூரத்தில் பார்ப்பவருக்கு 150 போதும். இப்போது எத்தனை தெரியுமா? 97,20,000! எண்ணைப் பாதியாக்கினால் பிக்சல் கால்வாசி!

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் கேமரா கடைக்காரர் முகம் சுளிப்பார். 12 மெகாபிக்சலை விற்று 24 வாங்கினால் படத்தின் நுணுக்கம் இரட்டிப்பாகாது. நீள அகலத்தில் கூடுவது 41 சதவீதம்தான்! இரட்டிப்பு வேண்டுமென்றால் 48-க்குப் போகணும்!

உங்கள் கேமராவின் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது! பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடக் விஞ்ஞானி பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. விட்டுப்போன நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சலைக் கேட்டு நிரப்புவது மென்பொருள். படத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிறம் வெறும் ஊகம்!

அதே கோடக்கில் ஸ்டீவன் சாஸன் 1975-ல் செய்த முதல் டிஜிட்டல் கேமராவின் எடை 3.6 கிலோ! 100-க்கு 100, மொத்தம் 10,000 பிக்சல். ஒரு படம் பதிவாக 23 விநாடி. பதிவானது எதில்? பாட்டு கேட்கிற கேசட்டில்!

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. 1965 ஜூலை. மரைனர் 4 விண்கலம் செவ்வாயைப் படம் பிடித்துவிட்டது. ஒவ்வொன்றும் 200-க்கு 200 பிக்சல். பூமிக்கு வந்த வேகம் விநாடிக்கு எட்டே சொச்சம் பிட்! ஒரு படம் வந்து சேர 8 மணி நேரம்! நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்துப் பொறியாளர்களுக்குப் பொறுக்கவில்லை. வந்த எண்களைக் காகித நாடாவில் அச்சடித்தார்கள். நாடாக்களைப் பலகையில் வரிசையாகப் பொருத்தினார்கள். பேஸ்டல் சாக்கட்டிகளை வாங்கிவந்து, இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று கையாலேயே தீட்டித் தள்ளினார்கள்! செவ்வாயை அருகிலிருந்து காட்டிய முதல் படம், மனிதர்கள் உட்கார்ந்து கலர் அடித்த படம்! அது இன்றும் அந்த ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கிறது!

1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 சுமார் 600 கோடி கிலோமீட்டரிலிருந்து பூமியைப் படம் எடுத்தது. கேமரா 800-க்கு 800. அதில் நம் பூமியின் அளவு? 0.12 பிக்சல்! ஒரு முழுப் பிக்சல்கூட நமக்குக் கிடைக்கவில்லை!

2012-ல் நோக்கியா 808 போன் வந்தது. 41 மெகாபிக்சல்! அதே ஆண்டு ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கியது. அதன் கம்பத்தில் இருந்த மாஸ்ட்கேம் எத்தனை மெகாபிக்சல்? 2! கொத்துக் கொத்தாக எடுத்து ஒட்டிய படங்களைத்தான் உலகமே வாய் பிளந்து பார்த்தது!

போதாதா? சிலி நாட்டு மலையுச்சியில் வேரா ரூபின் ஆய்வகக் கேமரா இருக்கிறது. எடை ஏறக்குறைய 3 டன்! 189 சென்சார்கள்! 3,200 மெகாபிக்சல்! ஒரே ஒரு படத்தை முழு அளவில் பார்க்க வேண்டுமென்றால் 4கே டிவிகளை அடுக்க வேண்டும். எத்தனை? 380-க்கும் மேல்!

2015-ல் ஆப்பிள் ஊர் ஊராகப் பெரிய விளம்பரப் பலகைகளில் ஐபோன் 6 படங்களை மாட்டியது. அந்தப் போனின் கேமரா வெறும் 8 மெகாபிக்சல்!

2023-ல் வந்த கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவில் 200 மெகாபிக்சல். ஒரு பிக்சலின் அகலம் 0.6 மைக்ரான். ஒரு தலைமுடியின் குறுக்கே 100 பிக்சலை நிறுத்தலாம்! ஆனால் சாதாரணமாக க்ளிக் செய்தால் 16 பிக்சலை ஒன்றாக்கி, 12 மெகாபிக்சல் படத்தைத்தான் கையில் தரும்!

சரி, 200-ஐயும் திறந்துவிட்டு ஜோராக ஒரு படம் எடுத்தாயிற்று. ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள். அங்கே கேட்பது 200-க்கு 230 பிக்சல். 20 முதல் 50 கேபிக்குள்! ஆக 46,000. உங்கள் போன் எடுத்த 20 கோடியில் 4,347-க்கு ஒன்றுதான் உள்ளே போகும்! கையெழுத்துக்கு இன்னும் கஞ்சத்தனம். 140-க்கு 60. வெறும் 8,400! கேசட்டில் படம் பிடித்த சாஸனின் 1975 கேமராவே இதைவிட 1,600 பிக்சல் கூடுதல்!