ஓடும் நீரும் ஒளிப்படமும்: யோசெமிற்றிப் படங்கள் பற்றிய ஒரு குறிப்பு

காட்டாறும் அருவியும் வெண்பட்டு விரித்தாற்போலத் தோன்றும் ஒளிப்படங்களைப் பலரும் கண்டிருப்பர். கமராவை முக்காலியில் அசையாது நிறுத்தி, அரை வினாடி தொடக்கம் பல வினாடிகள் வரை அதன் மூடியைத் திறந்துவைக்கும்போது, அசையாத பாறை தெளிவாகப் பதிகிறது; நகரும் நீர்த்துளிகளோ வடிவிழந்து, ஒன்றன்மேலொன்று படிந்து வெண்புகையாகின்றன. பகலொளி மிகுந்தவிடத்து வில்லையின் முன்னே கருங்கண்ணாடி வடிகட்டியொன்றும் பொருத்தப்படும். இவ்வழகினைக் கலைஞனின் தனிப்பட்ட மனநிலையின் வெளிப்பாடெனக் கொள்வாருளர். ஆயின் கலை உருவங்களுக்கும் வரலாறு உண்டு.

1861 இல் கார்ல்ட்டன் வற்கின்ஸ் கலிபோர்ணியாவின் யோசெமிற்றிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றார். 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் அளவான கண்ணாடித் தகடுகளும், அவற்றுக்கேற்ற பெருங்கமராவும், இருட்கூடாரமும், இரசாயனப் பொருள்களும் கோவேறு கழுதைகளின் முதுகில் மலையேறின. கொலோடியன் பூசிய தகடு, ஈரம் உலருமுன் ஒளியேற்றப்பட்டு, அவ்விடத்திலேயே உருத்துலக்கப்படல் வேண்டும். அதன் ஒளியுணர்வு மிகக் குறைவாதலின் நீண்டநேரம் ஒளியேற்ற நேர்ந்தது. அருவி வெண்பட்டாகத் தோன்றியமைக்கு அன்றைய சாதனத்தின் எல்லையே முதற்காரணமாகும். கணப்பொழுதிற் படம்பிடித்தல் எளிதான பின்னர், அந்த நிர்ப்பந்தமே விரும்பித் தெரிந்தெடுக்கும் பாணியாயிற்று.

அப்படங்களிற் பெரும்பாலானவற்றில் மனிதரைக் காணோம். நீண்ட ஒளியேற்றத்தில் நகர்வன மறைதல் இயல்பு. ஆனால் அப்பள்ளத்தாக்கின் அவாநீச்சி மக்களை மறைத்தது வில்லையன்று. பொன் வேட்டைக் காலத்தில், 1851 இல், மரிப்போசாப் படையணி உட்புகுந்து, குடியிருப்புகளையும் சேமித்த உணவையும் எரித்து அவர்களை வெளியேற்றியது. பின்னர் சிலர் திரும்பினராயினும் நிலவுரிமை அவர்களுக்கு மீளக் கிடைக்கவில்லை. நாம் வியக்கும் திறந்த புல்வெளிகளோ, அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீமூட்டிப் பேணியவை. ஆகவே 'மனிதர் தீண்டாத வனம்' எனக் காட்டப்படுவதில் மனித உழைப்பு உறைந்துள்ளது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

வற்கின்ஸின் படங்கள் 1862 இல் நியூயோர்க்கிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1864 இல் லிங்கன் ஒப்பமிட்ட சட்டம், பொதுமக்களின் பயன்பாட்டுக்கென அப்பள்ளத்தாக்கைக் கலிபோர்ணியா மாநிலத்திடம் கையளித்தது. அப்பொதுமக்களுள் அவாநீச்சியர் எண்ணப்படவில்லை. படங்களை ஆக்கிய வற்கின்ஸும் 1870களில் தம் தகடுகளைக் கடன்கொடுத்தோரிடம் இழந்தார். 1906 இல் சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீ எஞ்சியவற்றை அழித்தது. 1916 இல் அரச மனநோய் மருத்துவமனையொன்றில் மறைந்தார்.

இதனால் அப்படங்களின் கலைச்சிறப்புக் குறைந்துவிடாது. ஓடும் நீரின் சில வினாடிகளைத் தன்னுட் கொள்ளும் தகடு, நிலத்தின் நெடுங்காலத்தைத் தானாகக் கொள்வதில்லை. அதனையுஞ் சேர்த்துப் படத்தை வாசித்தல் திறனாய்வாளரின் கடமையாகும்.