வெள்ளைத் தூளை விழுங்கிய வெள்ளையணு

பீங்கான் பொம்மை ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஓர் ஓட்டை. உள்ளே வெறும் கூடு. யாராவது கத்தியை விட்டுக் குடைந்திருப்பார்களோ என்று தோன்றும். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் குட்டு உடைந்துவிடும்.

தயிர் பதத்துக்குக் கரைத்த வெள்ளைக் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டுக்குள் ஊற்றுவார்கள். மோல்டு சுவர் கூழிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச, சுவரை ஒட்டி ஒரு படலம் தடிக்கும். போதுமான கனம் வந்ததும் நடுவில் மிச்சமிருக்கும் கூழைத் திரும்பக் கொட்டிவிட வேண்டியதுதான். மோல்டைத் திறந்தால் உள்ளே கூடான பொம்மை! அதன் உடம்பில், மோல்டின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். பொம்மை காய்ந்ததும் அதைச் சுரண்டி எடுப்பார்கள். அப்போது மாவு போல வெள்ளைத் தூள் உதிரும்.

நம் கதை அந்தத் தூளில்தான் தொடங்குகிறது.

அதில் என்னென்ன இருக்கிறது? பக்கத்து ஊரான நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேர் பிடிக்க அதுவும் ஒரு காரணம். அந்தக் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைச் சேர்ப்பார்கள். மூன்றாவதாகக் குவார்ட்ஸ். அது உங்களுக்குத் தெரிந்த கல்தான். இரண்டு கல்லை இருட்டில் உரசித் தீப்பொறி பார்ப்பீர்களே, அந்த வெங்கச்சங்கல். அதை மாவாக அரைத்துச் சேர்த்தால்தான் பொம்மை சூளையில் கோணாமல் நிற்கும்.

குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. கல்லாகக் கையில் இருக்கும்வரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை. கூழாக இருந்தாலும் பயமில்லை. காய்ந்த தூளாகக் காற்றில் பறந்தால்தான் தொல்லை. பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஐந்து மைக்ரான், அதற்கும் குறைவு என்றால் நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடும். உங்கள் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அப்படியென்றால் அந்தத் துகள் எவ்வளவு பொடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நுரையீரல் அறைகளில் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் உலவுகின்றன. வெள்ளையணுக் குடும்பத்தில் பெருந்தீனிக்காரர்கள் இவை. கிருமி, தூசு, செத்த செல் என எது வந்தாலும் விழுங்கி, உள்ளேயிருக்கும் ஒரு பைக்குள் தள்ளி, அமிலத்தாலும் நொதியாலும் செரித்துவிடும். குவார்ட்ஸ் துகளையும் அப்படியே விழுங்கும். ஆனால் கல் செரிக்குமா? பை கிழிகிறது, நொதிகள் செல்லுக்குள்ளேயே கொட்டுகின்றன, செல் சாகிறது. துகள் அப்படியே வெளியே விழுகிறது. அடுத்த மேக்ரோஃபேஜ் வந்து அதை விழுங்குகிறது. அதுவும் சாகிறது. ஒரே துகள், வரிசையாகப் பல சாவுகள்.

வருடக்கணக்கில் இது நடந்தால் நுரையீரல் தழும்பேறிப்போகும். அதுதான் சிலிக்கோசிஸ். உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் சிலேட்டில் எழுதினார்களே, அந்தக் குச்சிகளைச் செய்த மத்தியப் பிரதேசத்து மண்ட்சோர் தொழிலாளர்களிடம் இந்த நோய் கொடூரமாகப் பரவியிருந்தது. பிள்ளைகள் அ, ஆ எழுதிப் பழகிய குச்சி, அதைச் செய்தவர்களின் மூச்சை வாங்கிக்கொண்டிருந்தது!

சிலிக்கா நுரையீரலோடு நிற்கவில்லை. 1914-இல் எடின்பரோவில் பைரம் பிராம்வெல் என்ற மருத்துவர், தோல் இறுகிக் கல்லாகும் ஓர் அபூர்வ நோய் கல்தச்சர்களிடம் அதிகம் காணப்படுவதைக் கவனித்து எழுதினார். தூசு போனது நுரையீரலுக்கு. நோய் வந்தது தோலுக்கு. அதற்குப் பிறகு முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களும் சிலிக்கா தூசோடு தொடர்புள்ளவை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டின. இவை எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் தன்னுடல் தாக்கு நோய். உடம்பின் பாதுகாப்புப் படை சொந்த உடம்பையே அடிப்பது. தூசில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது வந்துவிடாது. பெரும்பாலானோருக்கு வராது. ஆனால் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் விவரம் தெரிந்த பட்டறைகளில் பொம்மையை ஈர ஸ்பாஞ்சால் துடைப்பார்கள். தரையையும் உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் தண்ணீர் தெளித்துத் துடைப்பார்கள்.

லூபஸ் வந்தவர்களின் ரத்தப் பரிசோதனையில் சிவப்பணு குறையலாம், வெள்ளையணு குறையலாம், தட்டணு குறையலாம், மூன்றும் சேர்ந்தும் குறையலாம். இந்த நோயைக் கண்டுபிடிக்கவும் ரத்தம்தான் உதவியது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மால்கம் ஹார்கிரேவ்ஸ், லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. வெள்ளையணுவின் வயிற்றுக்குள் ஊதா நிற உருண்டை ஒன்று. அது வேறொரு செல்லின் உட்கரு! உடம்பு தன் சொந்தச் செல்லின் உட்கருவை அந்நியப் பொருளாக நினைத்துத் தின்றுகொண்டிருந்தது. மேக்ரோஃபேஜ்கள் வரிசையாகச் சாகும் இடத்தில் இப்படிப்பட்ட செல் குப்பை நிறையச் சிதறும் என்பதை நினைத்துப் பாருங்கள். தூசுக்கும் லூபசுக்கும் நடுவே உள்ள பாலங்களில் ஒன்று அதுவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அது சரி, மற்ற நாட்களில் உடம்பு ஏன் தன்னைத் தாக்குவதில்லை? சூளையிலிருந்து எடுத்த ஜாடியை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ‘ணங்’ என்றால் நல்லது, ‘டப்’ என்றால் விரிசல், கழித்துவிடுவார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி, டி-செல் என்ற வெள்ளையணுக்களை இப்படித்தான் சோதிக்கிறது. உதவாதவையும், சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவையும் அங்கேயே அழிகின்றன. நூற்றில் ஐந்துகூடத் தேறுவதில்லை. அவ்வளவு கறாரான சோதனையிலும் சில நழுவி வந்துவிடும். அவற்றை அடக்கி வைக்க வேறு ஏற்பாடுகள் உண்டு. அந்த ஏற்பாடும் குலையும்போது நோய் வருகிறது.

பால் எர்லிக் என்ற ஜெர்மானிய மேதை, உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளாது, அதை அதுவே தடுத்துக்கொள்ளும் என்று 1900-ஐ ஒட்டிச் சொன்னார். பெரியவர் சொன்னால் மறுபேச்சு ஏது? ஆனாலும் 1904-இல் வியன்னாவில் டோனாத்தும் லாண்ட்ஸ்டைனரும் ஒரு சோதனை செய்தார்கள். லாண்ட்ஸ்டைனர் ஏ, பி, ஓ ரத்த வகைகளைக் கண்டுபிடித்தாரே, அவரேதான். குளிர்பட்டால் சிறுநீர் கறுத்துப்போகும் நோயாளிகள் சிலர் இருந்தார்கள். அவர்களின் ரத்தத்தை முதலில் ஐஸில் குளிர வைத்தார்கள், பிறகு உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சிவப்பணுக்கள் உடைந்தன. குளிரில் ஏதோ ஒன்று சிவப்பணுவில் ஒட்டிக்கொள்கிறது, சூடு வந்ததும் உடைக்கிறது, அந்த ‘ஏதோ ஒன்று’ நோயாளியின் சொந்த ரத்தத்திலேயே இருக்கிறது என்பது தெரிந்தது. அதுதான் ஆன்டிபாடி. பள்ளிப் புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று படிப்பீர்கள்.

சிவப்பணுவில் ஆன்டிபாடி ஒட்டியிருப்பதைச் சுலபமாகக் கண்டுபிடிக்க வழி சொன்னவர் ராபின் கூம்ஸ். இவர் படித்தது கால்நடை மருத்துவம்! போர்க்காலத்தில் லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜ் போகும் மங்கலான ரயில் பெட்டியில் அந்த யோசனை வந்ததாம். 1945-இல் அதை வெளியிட்டார்கள். மனிதனின் ஆன்டிபாடியை முயலுக்கு ஊசி போட்டால், முயல் அதை எதிர்க்க ஓர் ஆன்டிபாடி செய்யும். ஆன்டிபாடிக்கு எதிரான ஆன்டிபாடி! நம்மூர் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் இன்றும் அந்த வழிதான். நோயாளியின் சிவப்பணுக்களை உப்புக் கரைசலில் மும்முறை கழுவி, முயலின் ஆன்டிபாடி உள்ள திரவத்தில் இரண்டு சொட்டு விட்டு, மெஷினில் சுற்றி, குழாயை மெல்ல ஆட்டிப் பார்ப்பார்கள். சிவப்பு மேகம் போலக் கலைந்தால் ஒன்றுமில்லை. கட்டி கட்டியாக நின்றால் ‘கூம்ஸ் பாசிட்டிவ்’. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு, மண்ணீரலில் பாதியிலேயே மாட்டிக்கொள்ளக்கூடும் என்று பொருள். அப்படி மாட்டினால் கண் மஞ்சளாகும், உடம்பு வெளிறும், படியேறினால் மூச்சு வாங்கும்.

அடுத்து வரும் தட்டணுக் கதையைப் படித்துவிட்டு யாரும் அதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. டெங்கு சீசனில் ‘பிளேட்லெட் எவ்வளவு?’ என்று பெரியவர்கள் கேட்பார்களே, அதுதான் தட்டணு. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். டெங்கு இல்லாமலே சிலருக்கு இது சரிந்து, தோலெங்கும் சிவப்புப் புள்ளிகளும் நீலத் திட்டுகளும் வரும். காரணம் நோயாளியின் ரத்தத்தில் இருக்கிறதா என்று அறிய, 1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், அப்படிப்பட்ட நோயாளி ஒருவரின் ரத்தத்தை அரை லிட்டர் அளவுக்குத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணு பாதாளத்துக்குப் போனது. வலிப்பும் வந்தது. ஒரு வாரத்துக்குள் பிழைத்து எழுந்தார். காரணம் ரத்தத்தில்தான் இருக்கிறது என்று நிரூபணமாயிற்று. துணிச்சலா, கிறுக்குத்தனமா? எனக்கு இரண்டும் என்றே தோன்றுகிறது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது. ஒரு நல்ல செய்தி: குழந்தைகளுக்குச் சளி, காய்ச்சலுக்குப் பிறகு வரும் இந்த நோய் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும்.

தாக்குதல் ரத்த அணுக்களோடு நிற்காமல் அவை பிறக்கும் எலும்பு மஜ்ஜைக்கே போய்விட்டால் மூன்று வகை அணுக்களுமே வற்றிவிடும். இந்த நோயை முதலில் விவரித்தவர் யார் தெரியுமா? நம் எர்லிக்தான், 1888-இல்! பெரும்பாலோருக்கு இது சொந்த டி-செல்கள் செய்யும் வேலை என்று பிறகு தெரிந்தபோது அவர் உயிரோடு இல்லை. அது தெரியவந்ததும் எதிர்பாராத வழியில்தான். 1970-இல் பிரான்சில் ஜார்ஜ் மாத்தே என்ற மருத்துவர், டி-செல்களை அடக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, வேறொருவரின் மஜ்ஜையைச் செலுத்தினார். சில நோயாளிகளுக்கு வந்த மஜ்ஜை வேர் பிடிக்கவில்லை. ஆனால் அவர்களின் சொந்த மஜ்ஜை துளிர்த்துவிட்டது! அடக்கும் மருந்தே சிகிச்சையானது. குதிரைக்கோ முயலுக்கோ மனித டி-செல்லை ஊசி போட்டு எடுக்கும் மருந்து அது. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986-இல் டாக்டர் மாமன் சாண்டி எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கினார். இந்த நோய்க்கு இன்று அடக்கும் மருந்து வழியும் உண்டு, மஜ்ஜை மாற்று வழியும் உண்டு.

நம்மூர்க்காரர் இன்னொருவரைச் சொல்லாமல் விட முடியாது. எல்லாப்பிரகட சுப்பாராவ் பிறந்தது பீமவரம், மருத்துவம் படித்தது சென்னை மருத்துவக் கல்லூரி. அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு, ரத்தம் ஊறத் தேவையான ஃபோலிக் அமிலத்தை 1945-இல் செயற்கையாகச் செய்தது. பிறகு அதே அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் செய்தது. அவற்றில் ஒன்றான மெத்தோட்ரெக்சேட் முதலில் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. இப்போது முடக்குவாதக்காரர்களுக்கு, வெறிகொண்ட வெள்ளையணுக்களை அடக்கக் கொடுக்கிறார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் அந்த மாத்திரை. அது ரத்தத்தை ரொம்பவும் வாட்டிவிடாமல் இருக்க, வேறு நாட்களில் ஃபோலிக் அமில மாத்திரை. இரண்டும் சுப்பாராவ் குழுவின் கை பட்டவை.