ஒரே வேலைக்கு இரண்டு ஆள்

லினக்ஸில் சில கட்டளைகள் உள்ளேயும் உண்டு, வெளியேயும் உண்டு. வீண் போலத் தெரியும் ஏற்பாட்டுக்குக் காரணங்கள் பல.

பொழுது விடிந்ததும் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஜீப்புகள் ஏறுகின்றன. வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் வருவது இப்படி. ஆனால் சில்லறை வேலைக்கெல்லாம் ஜீப் அனுப்பினால் கட்டுப்படியாகாது. வீட்டோடு ஓர் ஆள் வேண்டும்.

கம்ப்யூட்டரிலும் இதே கணக்குதான். கேரளப் பள்ளிகளுக்கு அரசின் 'கைட்' நிறுவனம் தருவது உபுண்டு அடிப்படையிலான லினக்ஸ். இடுக்கியின் தமிழ்வழி மாணவர்களும் இதில்தான் பழகுகிறார்கள். கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் 'ஷெல்'லிடம், 'எக்கோ' எங்கே இருக்கிறது என்று விசாரித்தால் இரண்டு விலாசங்கள் கிடைக்கும்: ஒன்று ஷெல்லுக்குள், மற்றது வட்டில் தனி புரோகிராமாக. 'டெஸ்ட்', 'கில்' கட்டளைகளுக்கும் இதே கதை.

1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் எக்கோ, டெஸ்ட் இரண்டும் வெளி ஆட்கள் மட்டுமே. ஒவ்வொரு தடவையும் புதிய புரோகிராமைத் தொடங்குவதில் நேரம் விரயமானது. பிந்தைய ஷெல்கள் அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டன.

வெளியில் இருப்பதை ஏன் நீக்கவில்லை? முதலாளி ஷெல் மட்டும் அல்ல. 'ஃபைண்ட்', 'நைஸ்' போன்றவையும் வேலை ஏவுகின்றன. அவற்றால் வட்டில் உள்ள புரோகிராமைத்தான் அழைக்க முடியும். உங்கள் வீட்டு ஆளைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஏவ முடியுமா? பெரும்பாலான கட்டளைகளை இப்படி அழைக்க வழி வேண்டும் என்று 'போசிக்ஸ்' தரவிதியும் சொல்கிறது.

உள் ஆளின் அருமை நெருக்கடியில் தெரியும். தறிகெட்ட புரோகிராம் ஒன்று தன்னைத்தானே பெருக்கி, புதிதாக எதையும் தொடங்க முடியாமல் செய்துவிட்டால் வெளி 'கில்' கிளம்பவே முடியாது. உள்ளே இருக்கும் 'கில்' அப்போதும் வேலை செய்யும்.

டைரக்டரி மாற்றும் 'சிடி' உள்ளேதான் இருந்தாக வேண்டும். ஆளை அடுத்த தோட்டத்துக்கு அனுப்பினால் போய்ச்சேர்வது அவர்தான், நீங்கள் அல்ல. யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில், கட்டளைகளைத் தனித்தனியே இயக்கும் முறை வந்ததுமே டைரக்டரி மாற்றும் கட்டளை பலிக்காமல் போனதை அதன் கர்த்தாக்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி எழுதியிருக்கிறார். ஆனாலும் தரவிதிக்காக ஆப்பிளின் மேக்கில் வெளி 'சிடி'யும் இருக்கிறது!

சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு ஆளும் எப்போதும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. உபுண்டுவின் 'டேஷ்' ஷெல்லில் உள்ள எக்கோ சில குறியீடுகளைப் புது வரியாக மாற்றும். வட்டில் உள்ள எக்கோ அவற்றை அப்படியே அச்சிடும். இதனால் ஒரே கட்டளைத் தொகுப்பு இடத்துக்கு இடம் வேறு விடை தரலாம். தேறின வழி: 'டைப்' கட்டளையால் பதில் சொல்வது யார் என்று முதலில் விசாரித்துவிடுவது.