கையை அசைக்க அஞ்ச வேண்டாம்

மார்பக அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு வந்த ஒரு பெண்மணி, வலக்கையை மார்போடு அணைத்தபடியே என் அறைக்குள் நுழைந்தார். தையல் பிரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அக்கையை அவர் அசைக்கவே இல்லை. "ஆட்டாமல் வைத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன், டாக்டர்" என்றார் உடன் வந்த மாமியார். அக்கறையில் சொன்ன சொல்தான். ஆனால் புண் நன்கு ஆறியிருந்தும் தோள் இறுகிப்போயிருந்தது. அடுத்துத் தொடங்கவிருந்த கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி வைக்க வேண்டும். அவரால் தோள் மட்டம் வரைகூட உயர்த்த இயலவில்லை. முதலில் தோளைச் சரிசெய்யவே சில வாரங்கள் ஆயின.

பெரும்பாலானோர் அறுவை சிகிச்சைக்கு மறுநாளே விரல்களை மூடித் திறக்கவும், முழங்கையை மடக்கி நீட்டவும் தொடங்கலாம். தலை வாருவதும் முகம் கழுவுவதும் நல்ல பயிற்சிகளே. வடிகால் குழாய் இருக்கும்வரை கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம். குழாய் எடுக்கப்பட்ட பின், சுவரில் விரல்களை மெல்ல மேலே நகர்த்தும் பயிற்சியைச் செய்யலாம். இழுப்பது போன்ற உணர்வு இயல்பு. கடும் வலி எழுந்தால் நிறுத்திவிடுங்கள். மார்பக மறுசீரமைப்பும் செய்துகொண்டவர்கள் தங்கள் மருத்துவர் கூறும் முறையையே பின்பற்ற வேண்டும்.

குழாயில் சேரும் நீரின் அளவை நாள்தோறும் ஒரே நேரத்தில் குறித்து வையுங்கள். சிவப்பாக இருக்கும் நீர் நாளடைவில் வெளிர் மஞ்சளாக மாறும். பொதுவாக, நாளொன்றுக்குச் சுமார் 30 மில்லிலிட்டருக்குக் கீழ் குறைந்தபின் குழாய் எடுக்கப்படும்.

மேற்கையின் உட்புறம் மரத்துப்போவதும், அக்குளிலிருந்து கயிறு போன்ற இறுக்கம் தோன்றுவதும் பலருக்கு நேர்பவை. கயிறு போன்ற இறுக்கம் பயிற்சியால் படிப்படியாகத் தளரும். ஆனால் 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ், திடீர் வீக்கம், குழாயில் மிகுதியான இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே வாருங்கள். மூச்சுத்திணறலோ கால் வீக்கமோ ஏற்பட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல் போன்ற சுமைகளை நீங்கள் தூக்குங்கள். அவருடைய தலையை அவரே வாரிக்கொள்ளட்டும். பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பு, தயிர் ஆகியவற்றை நிறுத்திவிடாதீர்கள். புண் ஆறப் புரதம் தேவை. தழும்பைப் பார்க்க அவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். அவர் பார்க்கும் நாளில் அருகில் இருங்கள்.

அந்தப் பெண்மணியின் கதிர்வீச்சு சிகிச்சை தாமதமாகத் தொடங்கினாலும் முழுமையாக நிறைவேறியது. வீட்டில் அவருக்கு நாள்தோறும் பயிற்சியை நினைவூட்டியவர் அதே மாமியார்தான்.