எதில் எட்டிலொன்று?

பின்னம் வரும் எளிய சமன்பாட்டைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தீர்த்துவிடுவார்கள். அதையே வசனமாகக் கொடுத்தால் பேனா நின்றுவிடும். நான் தமிழ் படிப்பிக்கிறவன். எனக்கு இது வாசிப்புப் பிரச்சினையாகவே படுகிறது. "இல்" என்ற உருபு எந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

நமக்குப் பழக்கமான ஒன்றை எடுப்போம். ஒருவர் மௌத்தாகிறார். கடன் கிடையாது. காணியில் ஐந்திலொன்றை ஒரு மத்ரஸாவுக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். வாரிசுகள் மனைவி, ஒரு மகன், இரண்டு பெண்பிள்ளைகள். ஒரு மகளுக்கு 14 பேர்ச் வந்தது. முழுக் காணி எவ்வளவு?

அதை ம என்று வைப்போம். வஸிய்யத் போக மிச்சம் 4ம/5. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டிலொன்று. எதில் எட்டிலொன்று? இங்கேதான் பலர் ம/8 என்று எழுதிவிடுகிறார்கள். ஸூரத்துந் நிஸாவின் 11ஆம், 12ஆம் வசனங்கள் வஸிய்யத்தும் கடனும் கொடுத்த பிறகே பங்கு என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆகவே மிச்சத்தில்தான் எட்டிலொன்று: ம/10. 4/5 இலிருந்து 1/10 போனால் 7/10. மகனுக்கு இரண்டு, மகள்மாருக்கு ஒவ்வொன்று, ஆக 4 பங்கு. ஒரு பங்கு 7ம/40.

7ம/40 = 14
7ம = 560
ம = 80

சரிபார்ப்போம். மத்ரஸா 16, மனைவி 8, மகன் 28, மகள்மார் 14, 14. கூட்டினால் 80. ம/8 என்று பிரித்திருந்தால் மனைவிக்கு 10 போய், பிள்ளைகளுக்கு 2 பேர்ச் குறைந்திருக்கும். அவ்வளவு நிலத்துக்காக முகம் பார்க்காத சகோதரங்கள் நம்மூர்களில் இருக்கிறார்கள்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலிலும் பெரிய பகுதி இந்த வகைக் கணக்குகள்தான். ஒரு பெண் கணவனையும் ஒரு மகனையும் மூன்று மகள்மாரையும் விட்டு மௌத்தாகிறாள். சொத்தில் 1/8 உம் 1/7 உம் சேர்ந்த அளவை அந்நியர் ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறாள். கூட்டினால் 15/56, மூன்றிலொன்று என்ற எல்லையைத் தாண்டவில்லை. அவர் சொத்தை 1120 பங்காக்குகிறார்: அந்நியருக்கு 300, கணவனுக்கு 205, மகனுக்கு 246, மகள் ஒருத்திக்கு 123. எழுத்துக் குறியீடு எதுவும் இல்லை, எல்லாம் வசனத்திலேயே.

ஏன் 1120? 56 ஐ 20 ஆல் பெருக்கியது. அந்த 20 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், கணக்கின் ருசியே அதில்தான். வஸிய்யத் போன மிச்சத்தில் கணவனுக்கு நான்கிலொன்று. மீதி 3/4 ஐ மகனுக்கு இரண்டு, மகள்மாருக்கு மூன்று என ஐந்தாகப் பிரித்தால் ஒரு மகளுக்கு 3/20.